சுருதியைத் தீர்மானிக்கும் கரண்டு

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருநகருக்குப் போகும் பஸ், பழங்காநத்தத்தைத் தாண்டியதும் பைக்காராவில் நிற்கும். நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் கரண்டு வந்து சேர்ந்த துணைமின் நிலையத்தால் அந்தப் பகுதிக்கு அமைந்த பெயர் அது. மலையிலிருந்து வந்த கரண்டு வீடுகளில் விளக்கை எரித்தது, ரேடியோவைப் பாட வைத்தது, பின்னாளில் இசைத்தட்டையும் சுழற்றியது.

பரணில் கிடந்த எச்.எம்.வி. பிளேயரை இறக்கித் துடைப்பவருக்கும், புதிதாக ஒன்றை வாங்கி வருபவருக்கும் முதலில் எழும் கேள்வி: இதற்கு எந்த அடாப்டரைக் கொடுப்பது? சாதாரணக் கேள்வியாகத் தெரியும். ஆனால் பாட்டின் சுருதி அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டும். வேகம் 3 சதவீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை, அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரஸ்தானங்களுக்கு நடுவில் பாதி தூரம், இறங்கிவிடும். மதுரைக்காரரான டி.எம்.சௌந்தரராஜனின் கணீர்க் குரல் கொஞ்சம் சோர்ந்து ஒலிக்கும்.

வேகத்தைத் தருவது மோட்டார். அதில் முக்கியமாக இரண்டு வகை. டி.சி. மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. அதனால் அதை நிலைப்படுத்தும் சர்க்யூட் ஒன்று கூடவே இருக்கும். ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டாருக்கு வோல்டேஜ் ஓரளவு ஏறி இறங்குவது பொருட்டல்ல; அது கரண்டின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது. 24 துருவம் கொண்ட மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சரியாக 250 சுற்று ஓடும். 48.5 ஹெர்ட்ஸில் 242.5 சுற்றுதான். மின்பற்றாக்குறை மிகுந்த 1990-களில் தென்னக மின்கட்டத்தின் அதிர்வெண் அந்த அளவுக்கு இறங்கியதுண்டு.

வேகத்தைச் சோதிக்க ஒரு வட்ட அட்டை உண்டு. விளிம்பில் 180 கோடுகள் இருக்கும். நம் ஊர்க் கரண்டில் எரியும் குண்டு பல்பு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. தட்டு 33⅓-இல் சுழன்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பல்பின் மினுங்கலும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகமும் ஒரே கரண்டிலிருந்து வருகின்றன. அதிர்வெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். வேகம் தவறாக இருக்கும்போதும் கோடுகள் அசையாமல் நின்று, எல்லாம் சரி என்றே சொல்லும்.

வெளியே வைக்கும் பவர் சப்ளை இந்தக் கட்டை அவிழ்க்கிறது. பிரிட்டனின் லின் நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த 'லிங்கோ' இதற்குப் பேர்போன உதாரணம். இத்தகைய பெட்டி, வீட்டுக் கரண்டை டி.சி.யாக மாற்றி, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைக்கொண்டு 50 ஹெர்ட்ஸைத் தானே புதிதாக உண்டாக்கி மோட்டாருக்குத் தருகிறது. 45 சுற்றுத் தட்டுக்கு 67.5 ஹெர்ட்ஸ் கொடுத்தால் போதும். பெல்ட்டை இடம் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு நன்மை, இரைச்சல் குறைவது. காந்த கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் 5 மில்லிவோல்ட் அளவுதான். பக்கத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் காந்தப்புலம் 'ம்ம்ம்' என்ற முனகலாக ஸ்பீக்கரில் கேட்கும். சற்று விலகியதும் இந்தப் புலம் வேகமாக வலுவிழக்கும்: தூரம் இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அடாப்டரைத் தேர்ந்தெடுக்கையில் பின் நுழைகிறதா என்று மட்டும் பார்ப்பது ஆபத்து. ஆடியோ-டெக்னிகா எல்.பி.60எக்ஸ் பிளேயருக்கு 12 வோல்ட் டி.சி. வேண்டும், ரெகா பிளானர் 1-க்கு 24 வோல்ட் ஏ.சி. ஏ.சி.யா டி.சி.யா என்பதும் வோல்டேஜும் அச்சாகப் பொருந்த வேண்டும். டி.சி. என்றால், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பார்க்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டாரை ஓட்டினால் அது இரைந்து சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டரே நல்லது. நேரடி 230 வோல்ட்டில் ஓடும் பழைய பிளேயரை, அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டாமல் திறக்க வேண்டாம்.

2013 டிசம்பர் 31-இல் தென்னக மின்கட்டம் நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தது. இப்போது அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 0.1 ஹெர்ட்ஸ் குறைந்தாலும் வேகத்தில் 0.2 சதவீதமே மாறும். காது அதைக் கண்டுபிடிக்காது. எனவே பாட்டுக் கேட்க மட்டும் விலை உயர்ந்த பெட்டி எல்லோருக்கும் அவசியமில்லை. பொருத்தமான அடாப்டரும் நல்ல பெல்ட்டுமே போதும்.

தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பாட்டை மாற்றுபவர்கள் மட்டும் வேகத்தைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது. நம் வீடுகளில் இருக்கும் நாதஸ்வரத் தட்டுகளிலும் நாடகத் தட்டுகளிலும் பலவற்றுக்கு வேறு பிரதி கிடைக்காது. தவறான வேகத்தில் பதிந்தால், அடுத்த தலைமுறை அந்தச் சுருதியையே அசல் என்று நம்பும். செல்போனைத் தட்டின் மேல் வைத்து, அதன் சென்சாரைக் கொண்டு சுற்றுவேகத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. வீட்டுக் கரண்டின் அதிர்வெண்ணைச் சாராத அந்த அளவில் 33⅓ காட்டிய பிறகு பதிவு செய்யுங்கள்.