விபத்துக்குப் பிறகு கைக்கு வந்த துப்பாக்கி: அவனி லேகராவின் வழி நம் பிள்ளைகளுக்கும் உண்டு

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், முதல் சில வாரங்களுக்கு உறவினர்கள் வந்து பார்ப்பார்கள். "பாவம், இந்த வயசில இப்படி ஆயிடுச்சே" என்பார்கள். பிறகு வருவோர் குறைவார்கள். பிள்ளை கைப்பேசியும் கையுமாக அறைக்குள் முடங்கிவிடும். தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் பார்த்துப் பழகிய காட்சி இது.

இந்தியாவின் ஜெய்ப்பூரைச் சேர்ந்த அவனி லேகராவின் வீட்டிலும் இந்த நிலைதான் இருந்தது. 2012ஆம் ஆண்டு நடந்த கார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாமல் போனது. அப்போது அவர் பத்து வயதைக் கடந்த சிறுமி. மனம் சோர்ந்து ஒதுங்கியிருந்த மகளை வெளியே கொண்டுவர நினைத்த தந்தை, 2015இல் அவரை விளையாட்டுப் பக்கம் அழைத்துச் சென்றார். வில்வித்தையும் துப்பாக்கிச் சுடுதலும் அறிமுகமாயின. அவனியின் மனம் துப்பாக்கியில் நின்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் தன்வரலாற்று நூலைப் படித்தது அந்த ஆர்வத்தை வளர்த்தது.

உட்கார்ந்தபடி சுடுவது எளிதா?

துப்பாக்கியைத் தம் கைகளாலேயே தாங்கிப் பிடிக்கக்கூடியவர்கள் எஸ்எச்1 பிரிவில் போட்டியிடுகிறார்கள். தாங்கி தேவைப்படுபவர்களுக்கு எஸ்எச்2 பிரிவு. "நின்ற நிலை" என்று பெயர் இருந்தாலும், நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து சுடலாம். ஆனால் முழங்கையை எதன்மீதும் ஊன்றக்கூடாது.

இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு உடம்பை ஆடாமல் வைத்திருப்பதே பெரும்பாடு. முதுகு, தோள் தசைகளை ஆண்டுக்கணக்கில் பழக்க வேண்டும், மூச்சையும் கட்டுப்படுத்த வேண்டும்.

2021 ஆகஸ்டு 30இல் தோக்கியோ பாராலிம்பிக் இறுதிச் சுற்றில் அவனி 249.6 புள்ளிகள் எடுத்தார். 24 முறை சுட்டதில் சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 10.4 புள்ளிகள். பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2024இல் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அதே ஆண்டில், பாரிஸில் 249.7 புள்ளிகளுடன் மீண்டும் தங்கம் வென்றார்.

நம் நாட்டில் என்ன வழி?

2016 ரியோ பாராலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகத் தங்கம் வென்றது. ஒன்றல்ல, மூன்று தங்கம். ஒலிம்பிக் வீரருக்கு அறிவிக்கப்பட்ட அதே 10 லட்சம் ரிங்கிட் ஊக்கத்தொகை பாராலிம்பிக் தங்கத்திற்கும் கிடைத்தது. கோலாலம்பூர் கம்போங் பாண்டானில் பாராலிம்பிக் வீரர்களுக்கென்றே பயிற்சி மையம் செயல்படுகிறது.

ஆனால் எல்லாருடைய தொடக்கமும் அங்கே இருக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலிப் பூப்பந்தில் ஒற்றையர் ஆட்டத்திற்குத் திடலின் பாதியே போதும். மேசைப்பந்தில், மேசையின் கால்கள் நாற்காலியை இடிக்காமல் இருந்தால் ஆடத் தொடங்கிவிடலாம். தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ குடியிருப்புப் பகுதி மண்டபத்திலோ இதற்கு இடம் கிடைக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை மூன்று. முதலில், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்து, மருத்துவ அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். போட்டிப் பிரிவை முடிவு செய்ய அவை தேவைப்படும். எல்லாக் காயங்களும் பாராலிம்பிக் பிரிவுகளுக்குள் வராது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாவதாக, ஒரு விளையாட்டு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைக் காட்டுங்கள். அவனிக்கும் முன்னால் இரண்டு இருந்தன.

பயிற்சிக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவதுதான் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பெரிய சிரமம். வாரம் ஒருநாள் கார் கொடுத்து உதவ ஒரு மாமாவோ சித்தப்பாவோ முன்வந்தால், "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, மருந்தைப் பற்றிக் கேட்பதோடு மருத்துவரிடம் இதையும் கேளுங்கள்: "என் பிள்ளை எந்த விளையாட்டில் சேரலாம், டாக்டர்?"