திரையரங்கும் சிறுவனும்

பிறந்த ஊரை நீங்கிச் சேய்மையில் வாழ்பவன், அவ்வூரை எண்ணி உள்ளம் உருகுதல் இயல்பு. 1688ஆம் ஆண்டில், பாசெல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோபர் என்பார், இவ்வேக்கத்தை ஒரு நோயென்றே கருதினார். கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்று அதற்குப் பெயரும் இட்டார். வீடு திரும்புதல் என்பது முதற்சொல்லின் பொருள். நோவு என்பது மற்றதன் பொருள். இன்று இதற்கு மருந்து கொடுப்பார் எவரும் இலர். ஆயினும், அதில் ஒரு நோவு உண்டு என்பதனை 'சினிமா பாரடைசோ' என்னும் இத்தாலியத் திரைப்படம் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

இப்படத்தை 1988இல் இயக்கியவர் ஜியுசெப்பே டோர்னடோரே. சிசிலித் தீவிற் பிறந்தவர். கதையும் அத்தீவின் சிற்றூர் ஒன்றிலேயே நிகழ்கின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். உருசியப் போர்முனைக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. தாயுடன் வறுமையில் வாழும் தோத்தோ என்னும் சிறுவனுக்கு, ஊர்ச் சதுக்கத்திலுள்ள பாரடைசோ என்னும் திரையரங்கே உலகம். அங்கே படம் ஓட்டும் ஆல்பிரெடோ முதியவர். கல்வி மிகுதியும் இல்லாதவர். விரட்ட விரட்டத் தம் அறைக்கு ஓடிவரும் சிறுவனை அவர் கடிந்துகொள்வார். நாளடைவில் அவனுக்குத் தந்தை போலவும் ஆனார்.

அவ்வூரில் எப்படம் வந்தாலும் பாதிரியார் முதலிற் பார்த்தாக வேண்டும். காதலர் முத்தமிடும் காட்சி வந்தால் அவர் கைம்மணியை அசைப்பார். ஆல்பிரெடோ அவ்விடத்தில் ஒரு தாள்துண்டைச் செருகி வைத்துப் பின்னர் வெட்டி எடுப்பார். வெட்டிய துண்டுகளைச் சிறுவன் வேண்டுவான். அவை உன்னுடையவையே, ஆனால் என்னிடமே இருக்கட்டும் என்பார் முதியவர். இதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அக்காலத்துப் படச்சுருள் எத்தகையது என்பதனையும் இங்கே அறிதல் நன்று. அது நைட்ரேட் கலந்த செல்லுலோசால் ஆயது. நொடிக்கு 24 படங்களாக, கடுஞ்சூடுடைய விளக்கின் முன்னே அது ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். சிறிது நின்றாலும் பற்றிக்கொள்ளும். எரிதற்கு வேண்டிய உயிர்வளி அப்பொருளிலேயே அடங்கியிருத்தலின், நீரில் அமிழ்த்தினும் அத்தீ எளிதில் அவியாது. 1950ஆம் ஆண்டை ஒட்டித் தீப்பற்றாத சுருள் பரவும்வரை, படம் ஓட்டுபவர் நாள்தோறும் நெருப்பின் அருகிலேயே வாழ்ந்தார் எனலாம்.

ஓரிரவு, இடம் கிடைக்காமல் வெளியே நின்ற மக்களுக்கு இரங்கிய ஆல்பிரெடோ, எதிர்வீட்டுச் சுவரின்மீது படத்தை விழச் செய்கின்றார். ஊரே மகிழ்கின்றது. அந்நேரத்திற் சுருள் தீப்பற்றுகின்றது. (தீயணைப்போரைப் பற்றிய நகைச்சுவைப் படம் அன்று ஓடியது என்பது இயக்குநரின் குறும்பு.) சிறுவன் அவரைப் படிகளின் வழியே இழுத்துக் காப்பாற்றுகின்றான், ஆயினும் அவர் கண்ணொளி போய்விடுகின்றது. பின்னர் எழும்பிய புதிய அரங்கில், அச்சிறுவனே படம் ஓட்டுபவன் ஆகின்றான்.

பழமையைப் போற்றும் படமாக மட்டும் இஃது இருப்பின், இங்கே முடிந்திருக்கும். இளைஞனாகிய தோத்தோவை ஆல்பிரெடோ ஊரைவிட்டுப் போகச் சொல்கின்றார். திரும்பி வராதே, கடிதம் எழுதாதே, ஏக்கத்திற்கு இடம் கொடாதே என்கின்றார்; மீண்டு வந்தால் தம் வீட்டிலும் இடமில்லை என்கின்றார். அவனை மிகவும் நேசித்தவரே இக்கடுஞ்சொல்லைச் சொல்கின்றார். அவ்வூரில் இருந்தால் அவன் அந்த அறைக்குள்ளேயே முதுமை அடைவான் என்பதனைக் கண்ணிழந்த அவரே தெளிவாகக் கண்டார். அவனும் சென்றான், உரோமில் புகழ்பெற்ற இயக்குநர் ஆனான். முப்பது ஆண்டுகள் தாயைக் காணவும் ஊருக்குச் செல்லவில்லை. அந்த வெற்றிக்கு இவ்விலை மிகுதியன்றோ? படம் இதற்கு நேராக விடை கூறவில்லை. அந்தத் தாயின் முகத்தை மட்டும் காட்டுகின்றது.

ஆல்பிரெடோ இறந்த செய்தி அவரை ஊருக்கு அழைத்து வருகின்றது. தொலைக்காட்சி வந்தபின் கூட்டம் குறைந்து மூடப்பட்ட பாரடைசோ, வண்டிகள் நிறுத்துமிடம் அமைப்பதற்காக வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றது. முதியோர் கண்கலங்கி நிற்கின்றனர். இளைஞர் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றனர். இரு சாராரையும் இயக்குநர் ஒருங்கே காட்டியது நேர்மையான செயல்.

இப்படமும் வெட்டுக்குத் தப்பவில்லை. முதலில் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஓடி வரவேற்பின்றி நின்றது. இரண்டு மணி நேர அளவிற்குக் குறைக்கப்பட்ட பின்னரே 1989இல் கேன்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், 1990இல் ஆஸ்கார் பரிசையும் பெற்றது.

ஆல்பிரெடோவின் மனைவி, கணவர் விட்டுச்சென்ற படச்சுருள் ஒன்றை அவரிடம் கொடுக்கின்றாள். உரோமுக்குத் திரும்பிய அவர், ஆளில்லா அரங்கில் அமர்ந்து அதனை ஓட்டச் செய்கின்றார். பாதிரியாரின் மணியோசைக்கு வெட்டுண்ட முத்தக் காட்சிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கண்ணிழந்த ஒருவர் அவற்றை எங்ஙனம் காத்து வைத்தார், யார் துணைகொண்டு ஒட்டினார் என்பதனைப் படம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நன்று. நரை தோன்றிய தோத்தோ, திரையொளி முகத்தில் விழ, சிரித்துக்கொண்டே கண்ணீர் விடுகின்றார்.