புயல் வந்தால் மட்டும் ஞாபகம் வரும் மிஷின்: காரைக்காலில் ஒரு செயின் சா கடை எதை நம்பிப் பிழைக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. விடிந்து பார்த்தால் டெல்டா முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது. காரைக்காலிலும் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்தன. ஆம்புலன்ஸ் வர வேண்டுமா, மின்வாரிய வண்டி வர வேண்டுமா, பால் வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் முன்னால் ரோட்டில் கிடக்கும் மரத்தை யாராவது அறுத்தாக வேண்டும்.

அப்படி ஒரு காலையில்தான் வீட்டுக் கொல்லையில், பம்புசெட் ரூமில், பஞ்சாயத்து ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்த மரம் அறுக்கும் மிஷின்கள் வெளியே வரும். கயிற்றை இழுப்பார்கள். புர்ர்ர்… நின்றுவிடும். மறுபடியும் இழுப்பார்கள். அதுவும் வராது. போன பொங்கலுக்குச் சவுக்கு வெட்டியபோது நன்றாகத்தானே ஓடியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள், ஊரில் செயின் சா விற்று ரிப்பேரும் பார்க்கும் சின்னக் கடைக்காரர். அவர் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மிஷின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

பெரும்பாலான நேரம் காரணம் பெட்ரோல். செயின் சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். தனியாக ஆயில் ஊற்றும் இடம் இதில் கிடையாது. பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். நல்ல ஆயில் என்றால் பல கம்பெனிகள் சொல்வது 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பல மலிவு மிஷின்களின் புத்தகத்தில் 25:1 என்று போட்டிருக்கும், அது 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும். கடைகளில் இதற்குப் பெயர் ‘ஜாம்’. வெறும் பெட்ரோலை ஊற்றி அரை மணி நேரம் ஓட்டினாலே கதை முடிந்துவிடலாம்.

டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்க்கில் ‘டூ டி’ போடச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். இப்போது மரம் வெட்ட வரும் இருபது வயதுப் பையன்கள் அப்படி ஒரு பைக்கையே தொட்டதில்லை (நானும்தான்). அதனால் கடைக்காரர் மிஷினோடு சேர்த்து ஒரு அளவுக் குவளையும் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் புதுசு. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. இன்றைக்கு நாடு முழுக்க பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். செயின் சா தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் பொதுவாக அனுமதிப்பதோ 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாயும் அடியில்தான் கிடக்கிறது. மாசக்கணக்கில் பெட்ரோல் அப்படியே நின்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்துப்போகும், சின்னத் துளைகளில் பிசின் மாதிரி படியும்.

தையில் வேலை முடிந்து அரை டேங்க் பெட்ரோலோடு மூலையில் வைத்த மிஷின், ஐப்பசியில் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இதுதான். வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி கார்புரேட்டரையும் காய வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. செலவு பூஜ்யம். ஆனால் யார் செய்கிறார்கள்?

ஒரு புழு சொல்லிக்கொடுத்த செயின்

இன்ஜின் ஓடினால் மட்டும் மரம் அறுபடாது. அறுப்பது செயின். இதில் ஒரு நல்ல கதை உண்டு. 1946ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒரு வண்டின் புழு மரத்தை அநாயாசமாகக் குடைவதைப் பார்த்தார். புழுவின் தாடை இடதும் வலதுமாக மாறி மாறிச் சீவுகிறது. அதுவரை செயின்களின் பற்கள் கைரம்பம் மாதிரி மரத்தைச் சுரண்டித்தான் எடுத்தன. காக்ஸ் அந்தத் தாடையைப் போலவே வளைந்த பற்களை இடது, வலது என்று மாற்றி மாற்றி வைத்து ஒரு செயின் செய்தார். 1947ல் விற்பனைக்கு வந்தது. இன்று காரைக்கால் கடையில் தொங்கும் செயினும் அடிப்படையில் அதேதான்.

பல் சீவ வேண்டும், சுரண்டக் கூடாது. கூர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதுவே வழி. அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. பவுடர் மாதிரி தூள் பறந்தால் கூர் போய்விட்டது. அப்போது ஆள் மிஷினை அமுக்க ஆரம்பிப்பார், பார் சூடாகும், புகை வரும். ‘மிஷின்ல பவர் இல்லண்ணே’ என்று கடைக்குத் தூக்கி வருவார். பவர் இருக்கும், பல்தான் இருக்காது.

டெல்டா மரங்கள் இந்தப் பல்லுக்குப் பெரிய எதிரி. தென்னையைச் சாதாரண மரம் மாதிரி நினைக்கக் கூடாது. அது புல் வகைக்குச் சொந்தம், ஆண்டு வளையம் இல்லை, தண்டு முழுக்க நார். பனை, தென்னை இனத்தில் மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் உண்டு. அறுக்க அறுக்கப் பல் மழுங்கும், நார் போய்க் கிளட்ச் மூடிக்குள் சுற்றிக்கொள்ளும். கருவேலம் இன்னொரு வகையில் கஷ்டம், அவ்வளவு கெட்டி. விழுந்து கிடக்கும் மரம் என்றால் அடியில் மண்ணும் இருக்கும். சுழலும் செயின் தரையை ஒரே ஒரு முறை தொட்டால் போதும், மறுபடியும் அரம் போட வேண்டும்.

அந்த அரத்திலும் கணக்கு இருக்கிறது. செயினின் கண்ணி இடைவெளியைப் பொறுத்து 4 மில்லிமீட்டர், 4.8, 5.5 என்று உருண்டை அரம் மாறும். தப்பான அரம் போட்டால் பல்லின் கோணமே கெட்டுவிடும். ஒரு பக்கப் பல்லை அதிகமாகத் தீட்டினால் மிஷின் நேராக இறங்காமல் வளைந்து இறங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அவசரப்பட்டு அதை ரொம்பத் தேய்த்துவிட்டால் பல் வெறிகொண்டு கடிக்கும், மிஷின் துள்ளும்.

அந்தத் துள்ளல்தான் ஆபத்து. பாரின் நுனியில் மேல் பாகம் எதன்மீதாவது பட்டால், நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் மிஷினையே ஆளின் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு வெறும் கவசம் மட்டுமில்லை, செயின் பிரேக்கும் அதுதான். அது உடைந்துபோன மிஷினை ‘சும்மா ஓட்டுதுல்ல’ என்று வேலைக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு. பிரேக் பழுதான மிஷினுக்குச் செயின் மட்டும் மாட்டித் தர மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு கடைக்காரருக்குத் தைரியம் வேண்டும். அடுத்த தெருவில் மாட்டித் தருவார்களே.

வெட்டுப்படாத பேன்ட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே நீளமான இழைகள். செயின் பட்டால் அந்த இழைகள் பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். மேல்நாட்டில் மரவேலைக்காரர்கள் அது இல்லாமல் இறங்க மாட்டார்கள். திருநள்ளாறு பக்கம் சித்திரை வெயிலில் அதைப் போடச் சொல்லி விற்றுப் பாருங்கள்! ஆனால் லுங்கி, செருப்போடு வருகிறவரிடம் ஷூவும் கண்ணாடியுமாவது விற்றுவிட முடியும்.

விற்பனை போச்சு, ரிப்பேர் வந்தது

ஸ்டில், ஹஸ்க்வர்னா மாதிரி பேர்போன கம்பெனி மிஷினில் மரவேலைக்குத் தாங்கும் ரகம் வாங்க சில பத்தாயிரங்கள் ஆகும். ஆன்லைனில் ‘58 சிசி’ என்று வரும் சீன மாடல் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. கடைக்காரர் போட்டி போடவே முடியாது. அந்த விலைக்கு அவருக்கே சரக்கு கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. பெயர் எத்தனை மாறினாலும் அந்த 45, 52, 58 சிசி மாடல்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றில் உட்காரும். அதனால் ஒரு சின்னக் கடை, குறைந்த முதலில் ஒரே வகை உதிரிகளை வாங்கி வைத்து, ஊரில் இருக்கும் பாதி மிஷின்களுக்கு வைத்தியம் பார்த்துவிடலாம். விற்பனையைப் பறித்த அதே மிஷின் பட்டறைக்குச் சோறு போடுகிறது. கம்பெனி மிஷின் வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆன்லைன் மிஷின்காரர் மாசம் ஒருமுறை வருவார்.

‘எங்கிட்ட வாங்காத மிஷினை நான் ஏன் பார்க்கணும்’ என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வியாபாரத்துக்கு உதவாது என்பது என் எண்ணம்.

இந்த வைத்தியத்துக்குத் தேவையான சாமான் பெரிசாக ஒன்றுமில்லை. 100 அடி ரீலாக வரும் செயின், அதைக் கழற்றி மாட்ட ரிவெட் கருவி, கணக்காக எண்ணும் பொறுமை. 18 அங்குல பாருக்குப் பெரும்பாலும் 72 உள்கண்ணி, 20 அங்குலத்துக்கு 76. ஒன்று தவறினால் செயின் உட்காராது. ரெடிமேட் பாக்கெட்டை வாங்கி விற்பவருக்கும் ரீலில் வெட்டித் தருபவருக்கும் லாபத்தில் நல்ல வித்தியாசம் உண்டு.

மூணு பக்கமும் வேறு மாநிலம்

காரைக்காலுக்கு என்று தனித் தலைவலி இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாவட்டம், ஆனால் கிழக்கே கடல் போக எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. நெடுங்காடு தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், திருமலைராயன்பட்டினம் தாண்டினால் நாகப்பட்டினம் மாவட்டம். வாடிக்கையாளரில் கணிசமானவர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஒரு காலத்தில் அது லாபம். வரி குறைவு என்பதாலேயே தமிழ்நாட்டுக்காரர்கள் புதுச்சேரிப் பகுதிகளுக்குச் சாமான் வாங்க வந்தார்கள். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. செயின் சாவுக்கு எங்கும் 18 சதவீதம். விவசாயக் கருவி என்று நினைத்து வரியைக் குறைக்கச் சொல்லும் விவசாயிக்கு, சட்டத்தின் கண்ணில் இது இன்ஜின் வைத்த கைக்கருவி என்று விளக்குவதும் கடைக்காரர் வேலைதான்.

இன்னொன்று வெளியே அதிகம் பேசப்படாதது. பொருள் விற்கும் கடை ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய வருஷ விற்பனை வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். வருஷத்துக்கு 25 லட்சம் புரளும் கடை நாகூரில் இருந்தால், உள்ளூர் விற்பனை மட்டும் என்றால் பதிவே தேவையில்லை. சில கிலோமீட்டர் தள்ளிக் காரைக்காலில் இருந்தால் கட்டாயம். கணக்குத் தொல்லை வேண்டாம் என்று காம்போசிஷன் திட்டத்துக்குப் போனால், வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்க அனுமதி இல்லை. பக்கத்து ஊர் வயலுக்கு மிஷினை வண்டியில் அனுப்பி வைத்தால் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை!

பெட்ரோல் மட்டும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் இங்கே இன்னும் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அதனால் தமிழ்நாட்டு மரவெட்டிகள் கேனோடு வருகிறார்கள். பெரிய கேனில் வாங்கிச் சேர்த்து வைப்பதால்தான் பெட்ரோல் கெடுகிறது என்பது வேறு கதை.

பேட்டரி மிஷின்தான் இனி வழி என்கிறார்கள். கிளை கழிக்க, தோட்ட வேலைக்கு அருமை. கார்புரேட்டர் இல்லை, கலப்படப் பெட்ரோல் இல்லை. ஆனால் கஜா மாதிரி ஒன்று வந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லையென்றால் எங்கே சார்ஜ் போடுவது? டெல்டாவில் கொஞ்ச காலத்துக்குப் பெட்ரோல் மிஷின் இருக்கத்தான் போகிறது.

போன வருஷம் வைத்த மிஷின் வீட்டில் இருக்கிறதா?

மழைக்கு முன்னால் ஒரு நாள் வெளியே எடுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள், அதை மறுபடி ஊற்ற வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுங்கள். புதுசாக அரை லிட்டர் மட்டும் கலந்து ஊற்றுங்கள். செயின் ஆயில் தனி டேங்க், அதையும் நிரப்புங்கள். பைக்கில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் இரும்புத்தூள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும். செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு, மிஷினைத் தரையில் வைத்துக் காலால் அமுக்கிக்கொண்டு கயிற்றை இழுங்கள்.

ஏழெட்டு முறை இழுத்தும் வரவில்லையா? தொடர்ந்து இழுக்காதீர்கள், கயிறுதான் அறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாக வந்துவிட்டது. துடைத்து, சிறிது நேரம் காய விட்டு, சோக் போடாமல் இழுங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் அங்கே வரவே இல்லை, பெரும்பாலும் கார்புரேட்டர் அடைப்பு. கடைக்குக் கொண்டுபோங்கள். புரட்டாசியில் போனால் அன்றைக்கே தருவார்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு போனால் உங்களுக்கு முன்னால் முப்பது மிஷின் நிற்கும்.