சொல்லவும் வேண்டும், தொல்லையும் கூடாது

மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டல் மரங்களைப் பற்றித் தேடும் மாணவிக்கு விக்கிப்பீடியாவில் ஆங்கிலக் கட்டுரை கிடைக்கலாம். தமிழில் அந்தத் தலைப்பே இல்லாமலிருக்கலாம். அந்தக் குறையை அவளே தீர்க்க வழியுண்டு. 2015 ஜனவரியில் சோதனை நிலையில் வெளிவந்த உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி, மூலத்தை ஒருபுறமும் மொழிபெயர்ப்பை மறுபுறமும் வைத்துப் பத்தி பத்தியாக எழுத விடுகிறது. ஆனால் அப்படியொரு கருவி இருப்பதை அவளுக்கு எப்படித் தெரிவிப்பது?

திரையை மறைத்து அறிவிப்புப் போடுவது சுலபம். பலன்தான் இல்லை. ஆஃபிஸ் 97 மென்பொருளில் கடிதம் தட்டச்சத் தொடங்கினாலே உதவட்டுமா என்று எட்டிப்பார்த்த காகிதக் கிளிப் பொம்மையை, 2001இல் வந்த பதிப்பில் மைக்ரோசாஃப்ட் தானாகத் தோன்றாதபடி அணைத்து வைத்தது. உதவ வந்தது குறையல்ல. வேண்டாம் என்றவரிடமும் திரும்பத் திரும்ப வந்ததுதான் எரிச்சலூட்டியது.

விக்கிப்பீடியா வேறு வழியில் போனது. கட்டுரையின் மொழிப்பட்டியலில், வாசகருக்குத் தெரிந்த மொழியில் அக்கட்டுரை இல்லையென்றால் அந்த மொழியின் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். அதைத் தொட்டால் கருவி திறக்கும். புதிய கட்டுரை தொடங்குபவருக்கு, மொழிபெயர்த்தும் எழுதலாம் என்ற குறிப்பு வரும். தமது பங்களிப்புகளைப் பார்க்கும் பட்டியலிலும் மொழிபெயர்ப்புக்கு ஓரிடம் உண்டு. மூன்றுமே தேவை எழும் இடங்கள். வெறுமனே வாசிக்க வந்தவரை எதுவும் மறிப்பதில்லை.

எந்த மொழியைக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். இருக்கும் நாட்டை மட்டும் பார்த்தால் இலங்கைக்குச் சிங்களமும் தமிழும் சேர்ந்தே வரும். மட்டக்களப்பின் காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருப்பவருக்குத் தமிழ் முன்னே நிற்க வேண்டுமானால், அவர் ஏற்கெனவே தேர்ந்த மொழியையும் உலாவியின் மொழியையும் முதலில் பார்க்க வேண்டும்.

குறிப்பை எழுதும்போது மூன்றைச் சொன்னால் போதும்: என்ன செய்யலாம், எவ்வளவு வேலை, எப்படி மூடுவது. மூடியவரின் விருப்பத்தை அவரது பயனர் கணக்கோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கைபேசியில் வேண்டாம் என்றவரிடம் கணினியில் மறுபடி கேட்கும். படுவான்கரையில் சிக்னல் மெலிந்த இடத்தில் இருப்பவருக்கு, படமும் அசைவும் இல்லாத ஒரு வரியே விரைவில் திறக்கும்.

எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது நல்ல அளவுகோலல்ல. குறிப்பைப் பெரிதாக்கினால் சொடுக்குகள் கூடும். பாதியில் விட்டுப்போனவையும், திருத்தாத இயந்திர மொழிபெயர்ப்பும் கூடவே கூடும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே விட்டால் இக்கருவி எச்சரிப்பது அதனால்தான். குறிப்பைப் பார்த்து வந்தவர்களில் எத்தனை பேர் கட்டுரையை முடித்தார்கள், அவற்றில் எத்தனை நீக்கப்படாமல் நின்றன என்று எண்ணுங்கள். குறிப்பு சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அப்போது தெரியும்.