கள்ளிகளின் உறவுமுறை

வறண்ட ஊர்களின் வேலியோரத்தில் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் வளர்ந்து நிற்கும். இரண்டிலும் நீரைச் சேர்த்துவைக்கும் தடித்த தண்டு, அந்தத் தண்டே இலையின் வேலையையும் செய்கிறது, மேலெல்லாம் முள். பார்ப்பவர் பங்காளிகள் என்றே நினைப்பார். ஆனால் இவற்றின் பொது மூதாதையைத் தேடினால் 10 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும்.

முள்ளிலேயே வேறுபாடு தெரிகிறது. சப்பாத்திக்கள்ளியின் முள், உருமாறிய இலை. சதுரக்கள்ளியில் இரண்டிரண்டாக நிற்பவையோ இலையடிச் செதில்கள் மாறி வந்தவை. காவல் வேலை ஒன்று, பிறப்பு வேறு. இவை செயலொத்த உறுப்புகள்.

சதுரக்கள்ளியின் சொந்தங்களை அறியக் காயைப் பார்க்க வேண்டும். ஆமணக்குக் காயை உடைத்தால் மூன்று அறைகள், அறைக்கொரு விதை. ரப்பர் காயும் மரவள்ளிக் காயும் அப்படியே. சதுரக்கள்ளிக் காயும் அப்படியே. ரப்பர் மழைக்காட்டு மரம், சதுரக்கள்ளி வறட்சியில் வாழ்வது. இருவர் வாழ்க்கைக்கும் பொதுவான தேவை எதுவும் இந்த மூன்று அறைகளைக் கேட்கவில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தாது. இப்படிப் பிறப்பு ஒன்றான அமைப்பொத்த உறுப்புகளின் வலிமை இதுதான். சப்பாத்திக்கள்ளியின் சிவந்த பழத்திலோ ஒரே அறை, நிறைய விதைகள். அதற்கு நெருங்கிய உறவு நாம் கடைந்து உண்ணும் பருப்புக்கீரை!

இந்த இருவகை ஒற்றுமையையும் 1843-ல் தெளிவாகப் பிரித்து வரையறுத்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன். மனிதக் கை, வௌவால் சிறகு, திமிங்கிலத் துடுப்பு மூன்றிலும் அதே மேற்கை எலும்பு, அதே இரு முன்கை எலும்புகள், விரல்கள். ஓவன் அதில் ஒரு மூல வடிவத்தைக் கண்டார். 1859-ல் டார்வின் அந்த இடத்தில் உயிரோடு வாழ்ந்த ஒரு மூதாதையை வைத்தார்.

செயலொத்த உறுப்புகளைப் பொய்ச்சாட்சி என்று தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். அவை உறவைக் காட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் அமெரிக்க வறட்சியும் வேறு கண்டத்தின் வறட்சியும் நெருங்கிய தொடர்பில்லாத இரு குலங்களை ஏறத்தாழ ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்தன என்றால், இயற்கைத் தேர்வின் ஆற்றலுக்கு அதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்து தென்னிந்திய நிலங்களில் மண்டியது. அதை ஒழிக்க 1926-ல் கொச்சினீல் பூச்சியின் ஓர் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சாற்றை உறிஞ்சிச் சப்பாத்திக்கள்ளிப் புதர்களைப் பெருமளவில் அழித்தது அந்தப் பூச்சி. உருவம் ஒத்திருந்தும் சதுரக்கள்ளி அதற்கு உணவே இல்லை.