மொட்டையாய் நின்ற கோபுரமும் அதன் வீதிகளும்

ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தென்காசி வந்துவிட்டதைக் கண்டக்டர் சொல்லத் தேவையில்லை. காசி விஸ்வநாதர் கோயில் கோபுரமே சொல்லிவிடும். ஒன்பது நிலை, சுமார் 178 அடி உயரம். ஆனால் ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்கு வேறொரு கோபுரமும் நினைவிருக்கும்: உச்சி இல்லாமல், நடுவில் பிளந்து, மொட்டையாய் நின்ற கோபுரம். பல தலைமுறைகள் அதைத்தான் பார்த்து வளர்ந்தன. இப்போதுள்ள நிலைகள் 1990-இல் கட்டி முடிக்கப்பட்டவை.

மதுரை கைநழுவிய பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களுக்குத் தென்காசிதான் தலைநகர். பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய கோயில் வேலை, அவர் தம்பி குலசேகர பாண்டியன் காலத்திலும் தொடர்ந்தது. பராக்கிரமன் கல்லில் வெட்டிவைத்த வேண்டுகோள் ஒன்று உண்டு: பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து பணிவதாக. தான் கட்டியதும் இடியும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ராஜாக்கள் எத்தனை பேர்?

கோபுர வாசலில் ஒரு வேடிக்கை. உள்ளே நுழையும்போது காற்று முகத்தில் மோதும். சில அடி தாண்டினால் முதுகைத் தள்ளும். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் காற்று இது. ஜூன், ஜூலையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். உள்ளே மண்டபத்தில் வீரபத்திரர், காளி, ரதி, மன்மதன் என்று ஆளுயரத்துக்கும் மேலான சிலைகள். ஒவ்வொன்றும் தூணோடு ஒரே கல்லில் செதுக்கியது.

வெளியே வந்தால் பூக்கடை, பாத்திரக்கடை, தேங்காய்ப்பழத் தட்டு. மாசி மகத் திருவிழாவில் தேர் ஓடவும், ஐப்பசியில் திருக்கல்யாண ஊர்வலம் போகவும் ரத வீதிகள் வேண்டும். மற்ற நாளெல்லாம் அதே வீதிகளில் ஆட்டோவும் தள்ளுவண்டியும். தெரு தெருவாகவே இருப்பதற்குத் தேர்தான் காவல்; தேர் போக வேண்டிய இடத்தில் எவரும் சுவர் எழுப்ப முடியாது.

வீடுகளுக்கு அப்படிக் காவல் இல்லை. கோயிலுக்கு அறநிலையத்துறை இருக்கிறது. திண்ணையும் முற்றமும் வைத்த ஓட்டு வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பாகப்பிரிவினை வந்தால் வீடு போய் கடை வளாகம் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் பகுதியின் சிறிய மீன்பிடி ஊர்களிலும் இதே தலைவலி இருந்தது. அங்குள்ள தேசிய அறக்கட்டளை 1960 முதல் பாழடைந்த சின்ன வீடுகளை விலைக்கு வாங்கி, பழுதுபார்த்து, பழைய தோற்றத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்றது. வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கியது. நம் ரத வீதிகளுக்கும் இது பொருந்தும். வேண்டியது பெரிய நிதியல்ல, சுழலும் நிதி.

செங்கோட்டைப் பக்கம் போனால் வேறொரு சரித்திரம். ஊர் நுழைவில் நிற்கும் தோரண வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை போய்விட்டது, பிரானூரில் பார்டர் பரோட்டா மட்டும் நிலைத்துவிட்டது. சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும் கூட்டத்துக்கு அந்தக் குட்டிப் பரோட்டாவும் கோழிச் சால்னாவும்தான் பிரசாதம்.

அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தாண்டிப்போகும் இடம் ஒன்று குற்றாலத்திலேயே இருக்கிறது: சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில், சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. இங்கே இறைவனே ஓவியமாக இருக்கிறார். சுவர் முழுக்க மூலிகை வண்ணங்களில் புராணக் காட்சிகள். முன்னால் தெப்பக்குளம், அதன் நடுவில் மண்டபம். மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் கடை வரிசையின் இரைச்சல் இங்கே எட்டாது.

அடுத்த சீசனில் அருவிக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நடை சாத்தும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் படக்கதைகளைச் சொல்லிக்காட்டுங்கள், ஆனால் ஈரக்கையால் சுவரைத் தொட மட்டும் விடாதீர்கள்.