இரண்டாம் ஓட்டத்தில் விழும் பிழை

எக்ஸெல் பட்டியலிலிருந்து பெயர், முகவரியை எடுத்து வேர்டில் நூற்றுக்கணக்கான கடிதங்களைத் தயாரிக்க மேக்ரோ எழுதுவோர் பலரும் ஒரு விநோதத்தைச் சந்தித்திருப்பார்கள். நிரல் முதல்முறை பிசகில்லாமல் ஓடும். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பிழை 462 என்று நின்றுவிடும். தொலைவில் உள்ள சர்வர் இல்லை அல்லது கிடைக்கவில்லை என்கிறது செய்தி. எந்த நெட்வொர்க்கிலும் சேராத கணினியிலும் இதே செய்திதான் வரும். இதை நம்பி இணைப்பைச் சோதிப்பதும் வேர்டை மறுபடி நிறுவுவதும் வீண் வேலை. பிழைச் செய்தி சொல்வது நிரல் விழுந்த இடத்தை மட்டுமே. தடுக்கிய இடம் பெரும்பாலும் அதற்கு முன்பே, சில சமயம் முந்தைய ஓட்டத்திலேயே, இருக்கிறது. ஆகவே செய்தியை ஆராய்வதைவிட, முதல் ஓட்டம் எதை விட்டுச் சென்றது என்று கேட்பதே பலன் தரும்.

462-ஐயே பார்ப்போம். எக்ஸெல் மேக்ரோ ஒரு வேர்டைத் திறந்து அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. ஆனால் நடுவில் எங்கோ ஒரு வரியில், அந்த மாறியின் பெயரை முன்னால் போடாமல், ‘ஆக்டிவ்டாக்குமெண்ட்’ என்றோ ‘செலக்‌ஷன்’ என்றோ மொட்டையாக எழுதியிருப்போம். எக்ஸெல்லில் வேர்டின் நூலகம் இணைக்கப்பட்டிருந்தால் மேக்ரோ மொழியான விபிஏ இதைத் தவறென்று சொல்லாது; தானே வேர்டுடன் ஒரு மறைமுகத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளும். கடைசியில் நாம் வேர்டை மூடி, நம் மாறியையும் விடுவித்துவிடுகிறோம். மறைமுகத் தொடர்போ அப்படியே நிற்கிறது. அடுத்த ஓட்டத்தில் புதிய வேர்டு திறந்தாலும், அந்த மொட்டை வரி காலி செய்துபோனவரின் வீட்டுக் கதவையே தட்டுகிறது. ஆவணம், செலக்‌ஷன் எதுவானாலும் முன்னால் உரிய மாறியைச் சேர்த்து எழுதிவிட்டால் இந்தப் பிழை வராது.

பிழை 5941 வேறு வகை, பாடம் ஒன்றே. கேட்ட உறுப்பு தொகுப்பில் இல்லை என்று அது சொல்லும். கடிதத்தில் பெயர் வரவேண்டிய சொல்லைச் சுற்றி ஒரு புக்மார்க் வைத்து, அந்த இடத்தில் நிரல் புதிய பெயரை எழுதுகிறது. அப்படி எழுதும்போது பழைய சொல்லோடு புக்மார்க்கும் அழிந்துவிடுகிறது. அதே ஆவணத்தில் மறுமுறை தேடினால் கிடைக்காது. எழுதி முடித்ததும் அதே இடத்தில் புக்மார்க்கைத் திரும்பச் சேர்ப்பது ஒரு வழி. ஒவ்வொரு கடிதத்தையும் டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாகத் தொடங்குவது இன்னொரு வழி.

எக்ஸெல்லை மூடித் திறந்தாலே 462 போய்விடுகிறதே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். மூடும்போது அந்த மறைமுகத் தொடர்பும் சாகிறது. அதனால்தான் பிழை மறைகிறது. அது நோய் தீர்ந்ததற்கு அல்ல, காரணம் எங்கே இருக்கிறது என்பதற்கே சான்று. ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்பார் இன்னும் சிலர். அந்த வரி பிழையைத் திருத்துவதில்லை, வாயை அடைக்கிறது. பெயர் இல்லாத கடிதங்கள் ஓசையில்லாமல் அச்சாகிப் போகும்.

எல்லாப் பிழைகளும் இந்தக் கணக்கில் அடங்குமா என்றால், அடங்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் வேர்டைப் பிடிக்கச் சொல்லி, வேர்டு திறந்தே இல்லையென்றால் முதல் ஓட்டத்திலேயே 429 வரும். திரையில் காட்டாமல் இயக்கிய வேர்டு, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் பிழை எண்கூட வராது; நிரல் உறைந்து நிற்கும். ஆளில்லாத சர்வரில் ஆபீஸ் மென்பொருள்களை இப்படி இயக்குவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. அங்கே வேர்டைத் தொடாமல் டாக்எக்ஸ் கோப்பை நேரடியாக எழுதும் நிரல் நூலகங்களே மேல். ஆனாலும் பொருளடக்கத்தின் பக்க எண்களைச் சரியாகக் கணக்கிட, பக்கங்களை அமைத்துப் பார்க்கும் வேர்டு போன்ற மென்பொருள் தேவைப்படும்.

எனவே, ஒருமுறை ஓடியது என்பதை வைத்து நிரல் சரி என்று முடிவுகட்டக் கூடாது. எதையும் மூடாமல் அடுத்தடுத்து இருமுறை ஓட்டுங்கள். பிறகு வேறொரு ஆவணம் திறந்திருக்கும்போதும் ஓட்டுங்கள். மூன்றிலும் ஒரே விளைவு வந்த பிறகே அடுத்தவர் கையில் கொடுங்கள்.